சம்பளத்துக்கு ஆடிய சென்னை

சென்னையில் விளையாட்டை நம்பிப் பிழைப்பது என்றால் நெடுங்காலம் வங்கியிலோ ரயில்வேயிலோ துறைமுகத்திலோ வேலையில் இருப்பது என்றுதான் அர்த்தம். காலையிலும் மாலையிலும் மைதானம், இடையில் அலுவலகம். மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் நிறுவனம் தரும். சட்டையின் மார்பில் அந்த நிறுவனத்தின் பெயர் இருக்கும். வீரர்களை ஏலத்தில் எடுத்து, ஊரின் பெயரைச் சூட்டி, தொலைக்காட்சிக்காக ஆடவைக்கும் அணிகள் இந்த நகருக்கு 2005 முதல்தான் வந்தன. ஹாக்கியில் தொடங்கி கிரிக்கெட், கால்பந்து, பேட்மின்டன், கபடி, வாலிபால், டேபிள் டென்னிஸ், கோ-கோ என்று ஒவ்வொன்றாக முளைத்த அந்த அணிகளில் பல இன்று இல்லை. கோப்பையை வென்ற அணியே அடுத்த பருவத்தில் காணாமல் போனதுண்டு. நிலைத்தவை எவை, எதனால் நிலைத்தன என்று தேடிப்போனால் சேப்பாக்கத்தில் வெள்ளைக்காரர்கள் ஆடிய காலத்திலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1846இல் தோன்றியது. அது ஐரோப்பியர்களுக்கான கிளப். இந்தியர்கள் அங்கே ஆடப் போனாலும் பெவிலியனுக்குள் உட்கார்ந்து சாப்பிட முடியாது, மரத்தடிக்குத்தான் போக வேண்டும். அந்த அவமதிப்பைப் பொறுக்காமல் புச்சி பாபு நாயுடு 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். துபாஷ் குடும்பத்தில் பிறந்த செல்வந்தர் அவர். கைப்பணத்தைச் செலவழித்து இளைஞர்களை ஆடவைத்தார். ஐரோப்பியர்களுக்கு எதிராக இந்தியர்கள் களமிறங்கும் முதல் பிரசிடென்சி ஆட்டத்துக்கு 1908 டிசம்பரில் ஏற்பாடு செய்துவிட்டு, ஆட்டம் தொடங்கும் முன்பே இறந்துபோனார். ஆட்டம் நின்றுவிடவில்லை. பின்னர் பொங்கலை ஒட்டி ஆண்டுதோறும் நடந்த அந்தப் போட்டிதான் சேப்பாக்கத்துக்கு மக்களைப் பழக்கியது. 1934 பிப்ரவரியில் அங்கே முதல் டெஸ்ட் நடந்தது. அதே ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமும் அங்கேதான். மைசூரை எதிர்த்து ஆடிய மெட்ராஸ் அணிக்கு ஏ.ஜி. ராம்சிங் பதினொரு விக்கெட் எடுத்துத் தர, ஆட்டம் ஒரே நாளில் முடிந்துபோனது. இவர்களில் யாரும் ஆட்டத்துக்குச் சம்பளம் வாங்கியவர்கள் அல்லர்.

டிக்கெட் வாங்கி உள்ளூர் அணிக்காகத் தொண்டை கிழியக் கத்தும் வழக்கத்தை இந்த நகரில் வளர்த்தது கிரிக்கெட் மட்டும் என்று சொல்லிவிட முடியாது. வடசென்னையின் குத்துச்சண்டைக்கு அதில் பெரும்பங்கு உண்டு. துறைமுகத்தையும் மீன்பிடி குப்பங்களையும் ஆலைகளையும் சுற்றி வாழ்ந்த உழைப்பாளிகள் சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்று பிரிந்து மோதினார்கள். ரோசமான குத்துச்சண்டை என்றுதான் அதற்குப் பெயர். பரம்பரை என்பது ரத்த உறவு அல்ல. ஒரு வாத்தியாரின் கீழ்ப் பயின்றவர்கள், அவர்களைத் தூக்கி நிறுத்திய தெருக்கள், அவர்கள் தோற்றால் சாப்பிடாமல் படுத்துக்கொண்ட மக்கள் எல்லோரும் சேர்ந்ததுதான் பரம்பரை. கித்தேரி முத்து என்ற சார்பட்டா வீரர் நாட் டெர்ரி என்ற வெள்ளைக்காரக் குத்துச்சண்டை வீரரை வீழ்த்தியபோது பெரியார் அவரைத் திராவிட வீரன் என்று பாராட்டினார். அந்தச் சண்டைகள் நடந்த கண்ணப்பர் திடல் இன்றைய நேரு விளையாட்டரங்கத்தின் பக்கத்தில்தான் இருக்கிறது. 2021இல் பா. ரஞ்சித்தின் படம் வந்த பிறகுதான் நகரின் மற்ற பகுதிகளுக்கே இது தெரிந்தது. சென்னையில் ‘நம்ம டீம்’ என்ற உணர்வுக்கு வேர் தேடுகிறவர்கள் பெவிலியனோடு நின்றுவிடாமல் இந்தத் திடலுக்கும் வர வேண்டும்.

விடுதலைக்குப் பிறகு நிறுவன அணிகளின் காலம் வந்தது. பெரம்பூரில் 1955 அக்டோபர் 2ஆம் தேதி இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை, மக்கள் வாயில் ஐசிஎஃப், திறக்கப்பட்டது. தெற்கு ரயில்வே, துறைமுகப் பொறுப்புக் கழகம், சுங்கத்துறை, வருமான வரித்துறை, கணக்காயர் அலுவலகம், ஸ்டேட் வங்கி, சென்னையையே தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி ஆகியவற்றோடு ஐசிஎஃப்பும் சேர்ந்துகொண்டது. கால்பந்து, ஹாக்கி, வாலிபால், கூடைப்பந்து எல்லாவற்றிலும் நகர லீக்கின் மேல்தட்டு இவர்கள் கையில் இருந்தது. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுப்பார்கள். பள்ளியில் நன்றாக ஆடிய பையன் கல்லூரியில் விளையாட்டுச் சேர்க்கையில் நுழைவான். அங்கே பல்கலைக்கழக அணியில் பெயர் வாங்கினால் வங்கி அதிகாரியோ ரயில்வே பயிற்சியாளரோ ஆட்டம் பார்க்க வருவார். அடுத்த ஆண்டு அவன் கையில் நியமன ஆணை இருக்கும்.

இந்த ஏற்பாட்டைப் பிற்காலத்தார் அரைத்தொழில் என்று குறைத்துப் பேசினார்கள். அந்தப் பேச்சு நியாயமானதல்ல. வியாசர்பாடியிலிருந்தோ புளியந்தோப்பிலிருந்தோ வந்த ஒரு கால்பந்து வீரனுக்கு முப்பத்திரண்டு வயதில் முட்டி போய்விட்டாலும் வேலை போகாது. அவன் குழந்தைகள் வங்கிக் குடியிருப்பிலோ ரயில்வே குடியிருப்பிலோ வளர்வார்கள். அதன் மருத்துவமனையில் வைத்தியம் நடக்கும். ஆடி முடித்தவர் அதே நிறுவனத்தின் பயிற்சியாளராகி அடுத்த தலைமுறையைத் தேடி மைதானங்களுக்குப் போவார். ஒரு குடும்பத்தை ஒரே தலைமுறையில் குடிசையிலிருந்து கூடத்துக்குக் கொண்டுவந்த வழி அது. சாதியோ சிபாரிசோ இல்லாமல் காலின் திறமைக்கு வேலை கிடைத்த இடங்கள் இந்த நகரில் அதிகம் இருந்ததில்லை.

கிரிக்கெட்டில் தனியார் நிறுவனங்கள் முன்னால் நின்றன. தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் முதல் டிவிஷன் லீக்கில் சன்மார் குழுமத்தின் ஜாலி ரோவர்ஸ், இந்தியா பிஸ்டன்ஸ், இந்தியா சிமென்ட்ஸ் அணிகள் வீரர்களுக்கு வேலை கொடுத்து ஆடவைத்தன. இந்தியா சிமென்ட்ஸ் 1946இல் தொடங்கிய கம்பெனி. திருநெல்வேலிப் பக்கம் தாழையூத்தில் அதன் முதல் ஆலை. அதன் பட்டியலில் பெங்களூர்க்காரரான ராகுல் திராவிட் வரை இருந்திருக்கிறார். நாட்டின் மற்ற சங்கங்களின் லீக்கில் கிளப்புகள் சந்தாவில் ஓடிக்கொண்டிருந்தபோது, சென்னை லீக்கில் ஒரு நல்ல பேட்ஸ்மேனுக்கு மாதச் சம்பளம் கிடைத்தது. 1954-55இலும் 1987-88இலும் ரஞ்சிக் கோப்பை வந்தது இந்த லீக் உருவாக்கிய வீரர்களால். சேப்பாக்கத்து ரசிகர்கள் ஆட்டத்தைப் படித்தவர்கள் என்று பெயர் வாங்கியதும் இதனால்தான்: 1952இல் வினு மன்கட்டின் பன்னிரண்டு விக்கெட்டால் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றதைப் பார்த்தவர்களும், 1986இல் ஆஸ்திரேலியாவோடு டை ஆனதைப் பார்த்தவர்களும், மற்ற ஞாயிறுகளில் இந்த லீக் ஆட்டங்களின் ஓரத்தில் நின்றவர்கள்.

கால்பந்தில் இந்த முறையின் உச்சம் இந்தியன் வங்கி அணி. 1996இல் தேசிய கால்பந்து லீக் தொடங்கியபோது கொல்கத்தா, கோவா கிளப்புகளுக்கு நடுவே தமிழகத்தின் முகமாக நின்றது ஒரு வங்கி. அதில் ஆடிய சையத் சபீர் பாஷா இந்திய அணிக்கும் ஆடினார். ஆனால் காலம் மாறிக்கொண்டிருந்தது. 1990களின் சீர்திருத்தங்களுக்குப் பிறகு பொதுத்துறையில் ஆள் எடுப்பது சுருங்கியது; கணினி வந்த வங்கிகளில் எழுத்தர் பணியிடம் குறைந்தது; விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆண்டுக்குப் பத்துப் பேர் வந்த இடத்தில் ஒருவர் வந்தார், பிறகு அதுவும் நின்றது. சராசரி வயது ஏறிய அணிகள் ஒவ்வொன்றாக மேல்மட்டத்திலிருந்து இறங்கின. இதை எந்தப் பத்திரிகையும் ஒரு முடிவாக எழுதவில்லை. ஒரு நாளில் நடந்திருந்தால் எழுதியிருப்பார்கள்.

இந்த வெற்றிடத்தில்தான் ஊர்ப்பெயர் அணிகள் வந்தன. முதலில் வந்தது ஹாக்கி. 2005இல் பிரீமியர் ஹாக்கி லீக்கில் சென்னை வீரன்ஸ் ஆடியது. எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் கூட்டத்துக்குக் குறைவில்லை. மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் பெயரில் 1901இலிருந்து எம்சிசி ஹாக்கிக் கோப்பை நடக்கிற நகரம் இது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணியின் தலைவர் வாசுதேவன் பாஸ்கரன் இந்த நகரத்துக்காரர். இருந்தும் அந்த லீக் 2008ஐத் தாண்டவில்லை. 2012இல் வேறொரு குழு நடத்திய வேர்ல்டு சீரிஸ் ஹாக்கியில் சென்னை சீட்டாஸ் என்ற அணி வந்தது; அந்தப் போட்டி ஒரே பருவத்தோடு முடிந்தது. அதற்கடுத்த ஆண்டு தொடங்கி 2017 வரை நடந்த ஹாக்கி இந்தியா லீக்கில் சென்னைக்கு அணியே இல்லை.

கிரிக்கெட்டில் முதல் தொழில்முறைக் கோப்பையைச் சென்னைக்கு வென்றது சூப்பர் கிங்ஸ் அல்ல. ஸ்டூவர்ட் லா தலைமையில் சென்னை சூப்பர்ஸ்டார்ஸ் 2007 டிசம்பரில் இந்தியன் கிரிக்கெட் லீக்கின் முதல் போட்டியை வென்றது. கிரிக்கெட் வாரியம் அந்த லீக்கை அங்கீகரிக்காமல், ஆடியவர்களைத் தடை செய்தது. இரண்டு ஆண்டில் லீக்கும் போயிற்று, அணியும் போயிற்று, வென்றவர்களின் பெயர்களும் மறந்துபோயின.

2008 ஜனவரியில் இந்தியா சிமென்ட்ஸ் 9.1 கோடி டாலருக்கு ஐபிஎல்லின் சென்னை அணியான சூப்பர் கிங்ஸை வாங்கியது. பிப்ரவரி ஏலத்தில் மகேந்திர சிங் தோனியை 15 லட்சம் டாலருக்கு எடுத்தது. சிமென்ட் கம்பெனி கிரிக்கெட் அணி நடத்துவது ஊருக்குப் புதிதாகத் தெரியவில்லை. பல பத்தாண்டுகளாக நடப்பதுதான். இந்தத் தொடர்ச்சியைக் கவனிக்காமல் சூப்பர் கிங்ஸின் வெற்றியைத் தோனி ஒருவரின் பெயரில் எழுதுகிறவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். வீரரை எடுத்தால் பொறுமையாக வைத்துக்கொள்வது, பயிற்சியாளரை மாற்றிக்கொண்டே இருக்காதது, தோற்ற வாரத்தில் ஆளை விரட்டாதது என்ற குணங்கள் லீக் கிளப் நடத்திப் பழகியவர்களுடையவை. ஸ்டீபன் ஃபிளெமிங் 2009இலிருந்து பயிற்சியாளராக இருக்கிறார். மற்ற அணிகளில் அதற்குள் எத்தனையோ பேர் வந்து போய்விட்டார்கள்.

முதல் ஆண்டுகளின் அணியில் உள்ளூர் மண் இருந்தது. ஐபிஎல் தொடங்கியபோது தன் வட்டாரத்து வீரர்களை ஒவ்வொரு அணியும் எடுக்க வேண்டும் என்ற விதி இருந்தது. 2008 மே மாதம் சேப்பாக்கத்தில் லட்சுமிபதி பாலாஜி ஐபிஎல்லின் முதல் ஹாட்ரிக்கை எடுத்தார். 2010இல் முதல் கோப்பையை வென்ற இறுதி ஆட்டத்தில் முரளி விஜய், பத்ரிநாத், அனிருத்தா ஸ்ரீகாந்த், அஷ்வின் என்று நான்கு தமிழ்நாட்டுக்காரர்கள் ஆடினார்கள். கண்டியிலிருந்து வந்த முத்தையா முரளிதரனும் அந்தப் பதினொருவரில் இருந்தார். 2011 இறுதி ஆட்டம் சேப்பாக்கத்திலேயே நடந்தது. விஜய் 95 ரன் அடித்தார். அஷ்வின் கிறிஸ் கெய்லை ரன் எடுக்கவிடாமல் அனுப்பினார். நகர லீக்கில் ஆடிப் பழகியவர்கள் நகரத்தின் மைதானத்தில் நகரத்துக்காகக் கோப்பை வென்ற இரவு அது. அதைப் போன்ற இன்னொன்று பிறகு வரவில்லை.

வட்டார விதி கைவிடப்பட்டது. அதன் விளைவு தெரிய சில ஆண்டுகள் ஆயின. 2023 மே மாதம் அகமதாபாத்தில் சூப்பர் கிங்ஸ் தன் ஐந்தாவது கோப்பையை வென்றபோது ஆடியவர்களில் தமிழ்நாட்டு வீரர் ஒருவர்கூட இல்லை. எதிரே குஜராத்துக்காக 47 பந்தில் 96 ரன் அடித்தவர் சென்னையில் பிறந்து வளர்ந்த சாய் சுதர்சன். மழைக்குப் பிறகு நள்ளிரவைத் தாண்டிய ஆட்டத்தின் கடைசி இரண்டு பந்துகளில் ஜடேஜா ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்ததைக் கொண்டாடாதவர் சென்னையில் இல்லை. கொண்டாடியதிலும் தவறு இல்லை. ஆனாலும் அந்த ஸ்கோர்கார்டைத் தமிழ்நாட்டில் கிரிக்கெட் பயிற்சி தருகிற ஒவ்வொருவரும் வேறு மனநிலையில்தான் படித்திருப்பார்கள். சேலம் சின்னப்பம்பட்டியின் நடராஜனை முதலில் வாங்கியது பஞ்சாப், வருண் சக்கரவர்த்திக்கு இடம் கொடுத்தது பஞ்சாபும் கொல்கத்தாவும். விளைந்த இடம் ஒன்று, அறுவடை செய்தவர்கள் வேறு.

இடையில் அணிக்குக் கெட்ட காலமும் வந்தது. உரிமையாளர் குடும்பத்தைச் சேர்ந்த அணி நிர்வாகி ஒருவர் பந்தயம் கட்டிய வழக்கில், 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழு அணியை இரண்டு ஆண்டு நிறுத்திவைத்தது. 2016, 2017 இரண்டு கோடைகளும் சேப்பாக்கத்தில் ஐபிஎல் இல்லாமல் போயின. ஊர் அரசியலும் மைதானத்தின் வாசலைத் தட்டியது. 2013இல் ஈழத்தமிழர் பிரச்சினையை ஒட்டி இலங்கை வீரர்கள் சென்னையில் ஆட மாநில அரசு அனுமதி தரவில்லை. 2018இல் அணி திரும்பி வந்து சொந்த மண்ணில் ஒரே ஆட்டம் ஆடியது. காவிரிப் போராட்டத்தால் மீதி ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. சுமார் ஆயிரம் ரசிகர்கள் சிறப்பு ரயில் பிடித்துப் புனே போனார்கள். அந்த ஆண்டு கோப்பையும் வந்தது. காவிரிக்காகப் போராடியவர்களும் ரயிலேறியவர்களும் ஒரே ஊர்க்காரர்கள். இரண்டு உணர்வும் உண்மையானவை.

சூப்பர் கிங்ஸின் ஊர் சென்னையோடு முடிவதில்லை. சுமார் 190 கிலோமீட்டர் தள்ளி, திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்திருக்கிற வேங்கிக்காலிலும் ஆட்ட நாளில் மஞ்சள் சட்டை போட்ட இளைஞர்களைப் பார்க்கலாம். பௌர்ணமிக்குச் சென்னையிலிருந்து கிரிவலத்துக்குப் பேருந்து பேருந்தாக மக்கள் வருவார்கள். சேப்பாக்கம் ஆட்டத்துக்கு இங்கிருந்து இளைஞர்கள் எதிர்த்திசையில் போவார்கள். இரவு பதினொன்றரைக்கு ஆட்டம் முடிந்து, கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் வந்து, விடியலில் வீடு சேர்வார்கள். 2016இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் தொடக்கத்தில் சேப்பாக்கம், கோவை, மதுரை, திண்டுக்கல், தூத்துக்குடி, காரைக்குடி என்று ஊர்ப்பெயர்கள் இருந்தன. திருவண்ணாமலையின் பெயரில் அணி இல்லை. ஆகவே இந்த மாவட்டத்துக்காரருக்கும் சென்னையின் அணிதான் சொந்த அணி. ஐந்து கோப்பை வாங்கிய அந்த அணி 2025இல் முதன்முறையாகக் கடைசி இடத்துக்குப் போனது. பத்தாண்டு கழித்துத் திரும்பிவந்த அஷ்வின் அந்தப் பருவத்தோடு ஐபிஎல்லிலிருந்து விடைபெற்றார். அந்தத் தோல்வி வேங்கிக்கால் டீக்கடைகளிலும் அலசப்பட்டது.

கால்பந்தில் சென்னையின் எஃப்சி 2014இல் இந்தியன் சூப்பர் லீக்கோடு (ஐஎஸ்எல்) பிறந்தது. அபிஷேக் பச்சன், விட்டா டானி, தோனி உரிமையாளர்கள்; இத்தாலிக்கு உலகக் கோப்பை வென்று தந்த மார்கோ மடெராஸி பயிற்சியாளர். 2015 டிசம்பரில் நகரத்தை வெள்ளம் மூழ்கடித்தபோது அரையிறுதியின் உள்ளூர் ஆட்டத்தைப் புனேயில் ஆட வேண்டியதாயிற்று. அங்கே கொல்கத்தாவை 3-0 என்று வென்று, டிசம்பர் 20 அன்று கோவாவில் கோவாவையே 3-2 என்று வீழ்த்திக் கோப்பையை எடுத்தார்கள். தண்ணீர் வடியாத வீடுகளைக் கழுவிக்கொண்டிருந்த நகரத்துக்கு அந்த வெற்றி என்னவாக இருந்தது என்பதை அன்று இங்கே இருந்தவர்கள் அறிவார்கள். 2018 மார்ச்சில் ஜான் கிரிகரியின் கீழ் பெங்களூரில் பெங்களூரை 3-2 என்று வென்று இரண்டாவது கோப்பை. அந்த அணியின் நடுக்களத்தில் வியாசர்பாடியின் தனபால் கணேஷ் ஆடினார். துணைப் பயிற்சியாளராக இருந்தவர் சபீர் பாஷா. இந்தியன் வங்கி வளர்த்த அறிவு பெயர் மாற்றிக்கொண்டு நேரு விளையாட்டரங்கத்துக்கு வந்துசேர்ந்த வழி அது. இப்படிப்பட்ட பாலம் அமைந்த அணிகள் தாக்குப்பிடித்தன என்பதே இந்த வரலாறு காட்டுகிறது.

சென்னை சிட்டி எஃப்சியின் கதை வேறு. 1946இல் தொடங்கிய உள்ளூர் கிளப் ஒன்றின் வழியில் வந்து, 2017இல் ஐ-லீக்கில் நுழைந்தது. பெயரில் சென்னை, ஆடியதோ கோயம்புத்தூர் நேரு மைதானத்தில். சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் பயிற்சியளிக்க, பெட்ரோ மான்சி 21 கோல் அடிக்க, 2019 மார்ச் 9 அன்று கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று இந்தியாவின் சாம்பியன் ஆனது. சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப்கூட அதில் பங்கு வாங்கியது. 2020-21 பருவத்துக்குப் பிறகு அந்த அணியை ஐ-லீக்கில் காணோம். அங்கிருந்து கிளம்பியவர்தான் நந்தகுமார் சேகர்; 2023 ஆகஸ்டில் கொல்கத்தா டெர்பியில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானுக்கு எதிராக வெற்றி கோல் அடித்தார். கிளப் அழிந்தாலும் வீரன் பிழைத்தான். எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. 2025 ஜூலையில் ஐஎஸ்எல் பருவமே நிறுத்திவைக்கப்பட்டபோது கிளப்புகள் சம்பளத்தை நிறுத்தத் தொடங்கின. வங்கியில் வேலை பார்த்த பழைய கால்பந்து வீரர்களுக்கு அப்போதும் ஓய்வூதியம் வழக்கம்போல வந்திருக்கும்.

புரோ கபடி லீக்கில் தமிழ் தலைவாஸ் 2017இல் வந்தது. தமிழ்நாட்டின் எந்தக் கிராமத்திலும், திருவண்ணாமலை மாவட்டத்து ஊர்களிலும், திருவிழாவை ஒட்டி மின்னொளிக் கபடிப் போட்டிச் சுவரொட்டி ஒட்டப்படும். அந்த மண்ணின் பெயரைச் சூடிய அணியில் ஆட வந்தவர்கள் பெரும்பாலும் வடக்கே இருந்து வந்தார்கள். முதல் தலைவர் இமாச்சலத்தின் அஜய் தாகூர். பின்னர் வந்த சாகர், நரேந்தர், சாஹில் எல்லோரும் ஹரியானா. தஞ்சாவூர்ப் பக்கத்து தர்மராஜ் சேரலாதன் 2016இல் பட்னாவுக்குத் தலைமை தாங்கிக் கோப்பை வென்றார். தலைவாஸ் முதல் மூன்று பருவங்களிலும் அடியிலேயே கிடந்தது. 2022இல் 2.26 கோடி கொடுத்து எடுத்த பவன் செஹ்ராவத் முதல் ஆட்டத்திலேயே காயப்பட்டு உட்கார்ந்தார்; ஆச்சரியமாக, அந்தப் பருவத்தில்தான் அணி அரையிறுதிக்குப் போனது. ஹரியானா வீரர்களைக் குறை சொல்ல ஏதுமில்லை. அங்கே ஊருக்கு ஊர் பாயும் பயிற்சியாளரும் இருக்கிறார்கள், படையிலும் போலீஸிலும் ரயில்வேயிலும் வேலை காத்திருக்கிறது. இங்கே மின்னொளி அணைந்ததும் பையன்கள் கட்டட வேலைக்குப் போகிறார்கள்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். பி.வி. சிந்து ஆடிய சென்னை ஸ்மாஷர்ஸ் 2017 ஜனவரியில் பேட்மின்டன் லீக்கை வென்றது. 2020க்குப் பிறகு அந்த லீக் நடக்கவில்லை. 2019 பிப்ரவரி 22 அன்று நேரு உள்ளரங்கத்தில் சென்னை ஸ்பார்ட்டன்ஸ் கோழிக்கோட்டை 3-0 என்று வீழ்த்தி முதல் புரோ வாலிபால் லீக்கின் சாம்பியன் ஆனது. அந்த லீக் கலைந்து, 2022இல் வேறு பெயரில் வேறு லீக் வந்தபோது சென்னைக்கு ஆடியது பிளிட்ஸ் என்ற புது அணி; சாம்பியனுக்கு இடமில்லை. ஐசிஎஃப்பும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் பல பத்தாண்டு வளர்த்த விளையாட்டில் இப்படி நடந்தது. கோ-கோவில் குவிக் கன்ஸ் 2022இல் வந்தது. டேபிள் டென்னிஸில் சென்னை லயன்ஸ் 2019இல் கோப்பை வென்றது. அதன் முகமான சரத் கமல் பத்து முறை தேசியச் சாம்பியன், இந்தியன் ஆயில் ஊழியர். நாற்பது வயதைத் தாண்டியும் அவரால் ஆட முடிந்ததற்கு லீக் தந்த பணம் காரணமல்ல, மாதாமாதம் வந்த சம்பளம் காரணம். ஹாக்கிக்கு 2024 டிசம்பரில் தமிழ்நாடு டிராகன்ஸ் வந்தது; அந்த முதல் பருவத்தின் ஒரு ஆட்டம்கூடத் தமிழ்நாட்டில் நடக்கவில்லை.

பெண்களுக்கு இந்த வரலாற்றில் கிடைத்த இடம் மிகக் குறைவு. தெற்கு ரயில்வேயும் வங்கிகளும் பெண் வீரர்களுக்கு வேலை தந்தன. ஏல அணிகளின் காலத்தில் அந்த அளவுகூட இல்லை. தமிழ்நாட்டுப் பெண்கள் கால்பந்து அணி 2018இலும் 2023இலும் தேசியச் சாம்பியன் ஆனது. ஆனால் சென்னையின் எஃப்சியை ஆண்களின் அணியாகவே இந்தியா அறிந்தது. கண்ணகி நகரில் வளர்ந்த கார்த்திகா 2025 ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் கொண்டுவந்தார். அவர் ஆடுவதற்குப் பெண்களுக்கான புரோ கபடி லீக் என்று ஒன்று இல்லை. 2025இல் தொடங்கிய பெண்கள் ஹாக்கி லீக்கின் நான்கு அணிகளில் தமிழ்நாடு இல்லை. 2023இல் தொடங்கிய பெண்கள் பிரீமியர் லீக்கில் மும்பை, பெங்களூர், டெல்லி, உத்தரப்பிரதேசம், குஜராத் என்று ஐந்து அணிகள். சென்னையின் ஹேமலதா குஜராத்துக்கு ஆடினார். மதுரையின் கமலினியை மும்பை 1.6 கோடிக்கு எடுத்தது.

தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. வங்கிகளும் ரயில்வேயும் விட்ட இடத்தை அது ஓரளவு நிரப்பலாம். மீதியை ஊர்ப்பெயரைப் பயன்படுத்திச் சம்பாதிக்கிற அணிகள்தான் செய்ய வேண்டும். தமிழ்நாட்டு வீரர்களில் குறைந்தது மூன்று பேரை எடுப்பது என்று சூப்பர் கிங்ஸும் தலைவாஸும் விதி வரும்வரை காத்திராமல் தாங்களே முடிவு செய்யலாம். பெண்கள் பிரீமியர் லீக்கில் ஆறாவது அணிக்கு ஏலம் அறிவிக்கப்படும் நாளில் சென்னைக்காகக் கேட்க ஆள் இருக்க வேண்டும்.